யார் பங்கு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் பெருமூச்சு விட்டால் மற்றொன்றிலிருந்து "என்ன?" என்று கேட்பார் உங்கள் தம்பி. அதனால் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில், மத்தியானம் ஆள் வராத நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடுங்கள்.

அவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. குடிக்கிறார், அடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியென்றால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வு அறையில்தான் அவருக்கு வேலை என்று உங்களுக்குத் தெரியும். தினமும் ஏரியின் மட்டத்தைப் பார்த்து எழுதுவதும் அவர்தான். போன வருஷத்திலிருந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னைக்கு ரெண்டு விரல் எறங்கிடுச்சு" என்பார். அப்புறம் அந்தப் பேச்சு நின்றுபோனது. காரியம் ஆரம்பமானது. சமையலறைக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அவரே மாட்டித் திறப்பார். பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு பாட்டில். கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டைகள். மூட்டை அதிகமாக ஆக, கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டே போகிறார். சின்னவன் கட்டிலில் ஏற இப்போது முக்காலி வேண்டியிருக்கிறது.

சின்ன வயதிலும் இப்படித்தான் இருந்தாரா? உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

இன்னொன்று. இதை உங்களைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கடையில் விற்கும் அட்டையிலேயே சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடு வந்தது. சின்னவன் பிறந்தபோதே அவர் சொல்லிவிட்டார், "ரெண்டு கைக்கு ரெண்டு புள்ள. மூணாவதை எந்தக் கையில பிடிக்கிறது?" என்று. கலைப்பதற்கான மாத்திரையும் இதே அலமாரியில், என் தலைக்கு மேல் தட்டில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். வேண்டுமா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 13

மருந்துக்கடைக்காரிக்கு,

உன் கடிதத்தைத் தையல் மிஷின் மேல் வைத்தே படித்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் பருவம் இது. மூச்சு விட நேரமில்லை. போன வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை சட்டை தைத்தேனோ அதைப்போல ஒன்றரை மடங்கு இந்த வருஷம். உன் புருஷன் பார்த்தால் மயங்கி விழுவான்.

அவன் எப்போதுமே அப்படித்தான். தட்டைக் கழுவவே வேண்டாம், அப்படி வழித்து நக்கி வைப்பான். ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஏரி நினைப்பு வராமல் என்ன செய்யும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீயும் அவனோடு சேர்ந்து அரண்டுபோகாதே.

வயிற்றில் இருப்பதை அவனிடம் சொல்லு. கத்துவான். கத்தட்டும். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். எனக்கு நாலு பையன்கள். நாலும் நாலு திசையில் இழுக்கிறதுகள், இருந்தாலும் நான் செத்தா போய்விட்டேன்? எங்கள் வீட்டில் ஒன்பது பேர் பிறந்தோம். ஏழு பேர் இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம்.

மாத்திரை விஷயம் உன் இஷ்டம். அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் பயத்தில் எதையும் செய்யாதே. பயத்தில் வெட்டிய துணி எதற்கும் உதவாது.

அண்ணி

மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லலாம் என்றுதான் போனேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் எதிர் வீட்டுப் பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம், நாலாவது குழந்தை. நானும் உங்கள் தம்பியும் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் நின்று, அவள் வயிற்றையே பார்த்தார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், ஏதோ விலாசம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

"இது யார் பங்கைக் குடிக்கப் போவுது?"

அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "நான் தப்பா எதுவும் கேட்கலையே? கணக்குதானே கேட்டேன்?" என்றார். அந்தப் படியில் இரண்டு கர்ப்பிணிகள் நின்றிருந்தோம் அண்ணி. அவருக்கு ஒருத்தியைத்தான் தெரிந்தது.

அதைவிடப் பயங்கரம் சின்னவன். ஐந்து வயதுப் பிள்ளை. நாலு நாளாகச் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் பாட்டிலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். "அப்பா, நான் குடிக்கவே இல்ல!" பாட்டில் நிறையத் தண்ணீர். இவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்து, அதைப் பானையில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது, நான் கடையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டான். உதடெல்லாம் வெடிப்பு. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. மருந்துக் கடையில் வேலை செய்பவள்!

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் சின்னவன் காலடியில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை குழாய்க் கைப்பிடி குழாயிலேயே இருந்தது. ஆனால் முகம் சரியாக இல்லை.

ஒன்பது பேர் பிறந்தோம், ஏழு பேர் இருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஏழு பேர் என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டு பேர் யார் அண்ணி?

ஏப்ரல் 6

அம்மாடி,

அந்த வரியைப் போஸ்ட் செய்த பிறகுதான் நினைத்தேன். எழுதியிருக்கக் கூடாது. எழுதியாகிவிட்டது.

ஒன்பது பேர், ஒரே அறை. படுத்தால் யார் கால் யாருடையது என்று தெரியாது. அது வேடிக்கையாகத்தான் இருக்கும். பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருஷமும் பொய்த்தது. கிணறுகள் எல்லாம் அடி மண் காட்டின. மிச்சமிருந்த ஒரு குட்டைத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தோம். கடைசி இரண்டும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. ஒன்று தவழ்கிற குழந்தை. இன்னொன்று அப்போதுதான் பேசப் பழகியிருந்தது. உன் புருஷனை "ண்ணா, ண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே சுற்றும்.

துக்கம் கேட்க வந்த பெரியப்பா, எங்கள் காது கேட்க அம்மாவிடம் சொன்னார், "விடும்மா. இருக்கிறதுங்களாவது இனி வயிறு நெறைய சாப்பிடும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்.

அன்றைக்கு அம்மா கஞ்சி ஊற்ற உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் ஒன்பது கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டாள். பிறகு இரண்டை எடுத்து ஓரமாகக் கவிழ்த்தாள். மற்ற ஏழிலும் விளிம்பு வரை கஞ்சி. அப்படி ஒரு கிண்ணத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. உன் புருஷனுக்கு அப்போது ஏழு வயது. முழுசாகக் குடித்தான். வெளியே போய் முழுசாக வாந்தி எடுத்தான்.

அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. நானும் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

பிள்ளைகளை இங்கே அனுப்பிவிடு. வெட்டு மேஜைக்குக் கீழே பாய் போட்டால் நாலு பேர் படுக்கலாம். என் வீட்டில் தலையை எண்ணுகிற வழக்கம் கிடையாது.

அண்ணி

ஏப்ரல் 20

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் புரியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் என்று அறிவித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டம் வால்வு அறையைச் சுற்றிக்கொண்டது. "யாருக்குடா தெறந்து விடுற? எவன் கிட்ட காசு வாங்கின?" என்று கல் எறிந்திருக்கிறார்கள். நெற்றி பிளந்து வீட்டுக்கு வந்தார். நான் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரத்த வாடை எனக்கு ஆகவில்லை. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப?" என்றார்.

"அக்டோபர் கடைசியில."

"ஏரி ஜூலை வரைக்கும்தான்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. கலைத்துவிடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன்.

அன்றிலிருந்து என்னிடம் அவ்வளவு அன்பாக இருக்கிறார். என் டம்ளரில் தண்ணீர் குறையவே விடுவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, முட்டாள் மாதிரி. நேற்றுத்தான் கவனித்தேன். அவர் வேலைக்குக் கொண்டுபோகும் பாட்டில் போனபடியே திரும்பி வருகிறது. சாப்பிடும்போதும் தன் தட்டில் பாதியைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுகிறார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். சிரித்தார் அண்ணி.

"ஒருத்தர் வரணும்னா ஒருத்தர் எடம் விடணும் இல்ல? பஸ்ஸுல நாம விடறதில்லையா?"

எனக்கு இதுவரை அவரைப் பார்த்துப் பயம். இப்போது அவருக்காகப் பயம். வேலைக்குப் போகிறவரைக் கட்டிப்போட முடியுமா? வாங்களேன்.

ஏப்ரல் 25

கிளம்பிவிட்டேன். தைத்த சட்டைகளை அப்படியே போட்டுவிட்டு வருகிறேன். இந்தக் கடிதம் முன்னால் வருமோ, நான் முன்னால் வருவேனோ தெரியாது. அவனைத் தனியாக விடாதே. அந்த மடையனிடம் சொல்லு, அக்கா வந்து செவிட்டில் ரெண்டு விடுவாள் என்று. அதுவரை உயிரோடு இருக்கச் சொல்லு.

மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

பிள்ளைகளோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. ரயிலில் கூட்டத்தில் பெரியவளின் ஒரு செருப்பு போய்விட்டதாமே. போனால் போகட்டும்.

நீங்கள் வந்து சேர்ந்த நேரத்தை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. வால்வு அறையில் அவர் விழுந்து கிடந்ததைப் பம்பு ஆபரேட்டர் பார்த்துத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கையில் பையோடு வாசலில் நீங்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோகிற கட்டம் என்று டாக்டர் சொன்னதை உங்களிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் குடிக்கிறார். நான் பார்க்கவேண்டும் என்று என் கண் முன்னால் குடிக்கிறார், மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி. வேலையில் பம்பு ஆபரேட்டர் எதிரே உட்கார்ந்து குடிக்க வைக்கிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் நாள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஏதோ பேசினீர்கள். அவர் அழுகிற சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத சத்தம் அது. அதற்குப் பிறகுதான் தானாகவே டம்ளரைக் கேட்டு வாங்கினார். அவரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்படி என்ன சொன்னீர்கள்?

மே 23

அம்மாடி,

நான் என்னவோ மந்திரம் போட்டுவிட்டேன் என்று நினைக்காதே. திட்ட வேண்டும் என்றுதான் திரையை இழுத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"அக்கா, அன்னைக்குக் கஞ்சி ருசியா இருந்துச்சா?"

எந்தக் கஞ்சி என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இருந்துச்சுடா" என்றேன்.

"எனக்கும்" என்றான்.

அவ்வளவுதான். பிறகு இரண்டு கிழடுகளும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம். நர்ஸ் வந்து, சலைன் ஊசி பிடுங்கிக்கொள்ளும் என்று இரண்டு பேரையும் திட்டினாள். அவன் குடிக்க ஆரம்பித்தது எதனால் என்று எனக்கும் தெரியாது.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சின்னவன் என் கடைசிப் பையனோடு ஒரு நாளைக்குப் பத்துச் சண்டை. ஆனால் ராத்திரி தூங்கும்போது பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறான். பிடுங்க மனசு வரவில்லை.

அண்ணி

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஏரி முடிந்துவிட்டது. அவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நடுவில் ஒரு பழைய ரோடு வெளியே வந்திருக்கிறது, மைல் கல்லோடு. அதில் இரண்டு பேர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். என்னால் அந்தக் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை. வாங்க போகலாம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

லாரித் தண்ணீர்தான் இப்போது. போன வாரம் வரிசையில் எதிர் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். பின்னாலிருந்து ஒருவன், "நாலு பெத்தவளுக்கு நாலு கொடமா? ஒரு கொடம் எடுத்துட்டு நகரு" என்று அவள் குடத்தைக் காலால் தள்ளினான். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கை என் வயிற்றின் மேல் இருந்தது. உங்கள் தம்பிதான் வரிசையை விட்டு வெளியே வந்தார். உருண்ட குடத்தை எடுத்து, நிரப்பி, அவள் வீட்டு வாசல் வரை சுமந்துகொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டார். முந்தின நாள் என்னைக் கேட்டார். "இது வரட்டும். இதோட போதுமா?" என்றார். போதும் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இந்தக் குழந்தை வேண்டுமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டால் இப்போது வேண்டும் என்றுதான் வருகிறது. ஆனாலும் பயம் போகவில்லை. இத்தனை கோடி ஜனத்தில் இது ஒன்று எந்த மூலைக்கு என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த இத்தனை கோடியும் இப்படி ஒவ்வொன்றாகத்தானே வந்தது என்று இன்னொரு மனசு சொல்கிறது.

மருந்துக் கடையை மூடுகிறார்கள். தண்ணீர் இல்லை என்று எங்கள் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. லாரிகளுக்குப் பங்கு பிரித்துவிட அவர் மட்டும் இங்கே இருக்க வேண்டும், பம்பு ஆபரேட்டரின் அறையில். குடிக்கிறேன், சாப்பிடுகிறேன், நீ போ என்கிறார். கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? ஆனால் வேறு வழியில்லை. நான் அங்கே வரலாமா அண்ணி? உங்களுக்குத் தொந்தரவு என்றால் தயங்காமல் எழுதுங்கள்.

ஜூலை 10

அம்மாடி,

வரலாமா என்று கேட்டதற்கே உன்னைத் திட்ட வேண்டும். நேரமில்லை.

கவனமாகப் படி. இங்கேயும் நிலைமை மாறிவிட்டது. உன் ஊரிலிருந்து தினமும் ரயில் நிறைய ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்று ஆகிவிட்டது. உன் பிள்ளைகள் தெருவில் விளையாடப் போனால், "இன்னும் எத்தனை பேரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். இத்தனை வருஷம் என்னிடம் துணி தைத்துக்கொண்டவர்கள்தான் கேட்கிறார்கள். முந்தாநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் டிரம்முக்குள் அளவு நாடாவை விட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டில் இருக்கும் தலைகளை எண்ணினேன். எண்ணி முடித்த பிறகு நாடாவைச் சுருட்டி மிஷின் டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன். எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்திருந்தேன்.

தெருக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு வெளியூர் ஆட்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. பிள்ளைகள் இரண்டு பேர் வந்தாயிற்று, அவர்கள் அம்மா ஒருத்தி வருவாள், அத்தோடு சரி என்று சொன்னேன். தெருச் சங்கச் செயலாளர் கேட்டார், "மாசமா ஒண்ணும் இல்லையே? கோடி வீட்டுல அப்படித்தான் ஒருத்தின்னு வந்து ரெண்டா ஆயிட்டாங்க."

இல்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடமும் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் சந்தோஷத்தில் தெரு முழுக்கத் தமுக்கடித்துவிடுவார்கள்.

பார்சலில் ஒரு நீளச் சட்டை வைத்திருக்கிறேன். கெட்டித் துணி. தோளிலிருந்தே தொளதொளவென்று விழும்படி, இடுப்பில் பிடிப்பே இல்லாமல் தைத்திருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு கேவலமாக ஒரு சட்டை தைத்ததில்லை. ரயிலில் வேறு எதையாவது போட்டுக்கொள். இங்கே இறங்குவதற்கு முன்னால் இதை மாற்றிக்கொள். நான் பெரிய பையனோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். பையை வாங்கிக்கொள்ள அவன் கை நீட்டுவான், கொடுக்காதே. தெருவில் எல்லோரும் வாசலில்தான் நிற்பார்கள். நிமிர்ந்து நட. யாராவது பேசினால் சிரி. படி ஏறும்போது மூச்சு வாங்கினாலும் நிற்காதே, வயிற்றில் மட்டும் கை வைத்துவிடாதே. பழக்கத்தில் தானாகப் போகும். அதனால் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொள். கனமாக இருந்தால் பரவாயில்லை. கதவைச் சாத்தினதும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி